கடலடிக் குழாயில் உறையும் எரிவாயு: தடுப்பான் செறிவைக் கணக்கிடுவது எப்படி?

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மட்டுமே மாறி மாறி வரும் நாடு நம் நாடு. கோலாலம்பூரில் பனி பொழிவதில்லை. கிள்ளானில் குளிர்காலம் என்ற ஒன்றே இல்லை. ஆயினும், மலேசியாவில் பணிபுரியும் எண்ணெய், எரிவாயுத் துறைப் பொறியியலாளர்கள் அஞ்சும் பொருள்களுள் ஒன்று, பனிக்கட்டியைப் போன்ற வெண்மையான ஒரு திடப்பொருள் என்றால் நம்ப முடிகிறதா? அதன் பெயர் வாயு ஹைட்ரேட். அது குழாயை அடைத்துவிட்டால் நாள் கணக்கில், சில வேளைகளில் வாரக் கணக்கில், உற்பத்தி நின்று போகும். அடைப்பைத் தவறாக நீக்க முற்பட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்த அடைப்பைத் தடுக்க ஒரு கணக்கு உண்டு. படிவம் 6-இல் வேதியியல் படித்தவர் எவரும் அதைப் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கணக்கின் விடையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹைட்ரேட் என்றால் என்ன?

நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சிறு சிறு கூண்டுகளாக அமைகின்றன. அக்கூண்டுகளுக்குள் மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன் போன்ற வாயு மூலக்கூறுகள் சிறைப்படுகின்றன. இவ்வாறு உருவாகும் படிகமே வாயு ஹைட்ரேட். இதன் எளிய வகையில் 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து 8 கூண்டுகளை அமைக்கின்றன. பார்வைக்குப் பனிக்கட்டி போலத் தோன்றினாலும் இது பனிக்கட்டி அன்று, தீயிட்டால் எரியும். ஒரு கன மீட்டர் மீத்தேன் ஹைட்ரேட்டுக்குள், சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 160 கன மீட்டர் இடத்தைப் பிடிக்கும் வாயு அடங்கியிருக்கும்.

இது உருவாக நான்கு பொருத்தங்கள் கூடி வரவேண்டும்: வாயு, நீர், உயர்ந்த அழுத்தம், தாழ்ந்த வெப்பநிலை. 'தாழ்ந்த' என்ற சொல்லைக் கொண்டு ஏமாந்துவிடக் கூடாது. பனிக்கட்டி உருவாக வெப்பநிலை சுழிக்கு வரவேண்டும். ஹைட்ரேட்டுக்கு அது தேவையில்லை. தூய மீத்தேன் 4 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 40 பார் அழுத்தத்திலேயே ஹைட்ரேட்டாக மாறிவிடும். அழுத்தம் 100 பாராக உயர்ந்தால் 12, 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். வாயுவில் புரோப்பேன் கலந்திருந்தால் இவ்வெல்லை இன்னும் மேலே ஏறும்.

1810-ஆம் ஆண்டில் ஆங்கிலேய விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, குளோரினும் நீரும் சேர்ந்து இத்தகைய படிகம் உண்டாவதைக் கண்டார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இது ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்தது. 1934-இல் அமெரிக்கரான ஹாமர்ஷ்மிட் என்பவர், எரிவாயுக் குழாய்களை அடைப்பது பனிக்கட்டி அன்று, ஹைட்ரேட்டே என்று எடுத்துக்காட்டினார். உறைநிலைக்கு மேலான வெப்பத்திலும் குழாய்கள் அடைபட்ட புதிருக்கு அப்போதுதான் விடை கிடைத்தது. நாம் இங்குக் காணவிருக்கும் சூத்திரமும் அவருடையதே.

நம் நாட்டில் இதற்கென்ன வேலை?

2007-ஆம் ஆண்டு, சபா கடற்பகுதியில் உள்ள கிக்கே வயலில் எண்ணெய் உற்பத்தி தொடங்கியது. மலேசியாவின் முதல் ஆழ்கடல் எண்ணெய் வயல் இதுவே. இங்குக் கடலின் ஆழம் ஏறத்தாழ 1,300 மீட்டர். அதன் பின்னர், ஏறத்தாழ 1,200 மீட்டர் ஆழமுள்ள குமுசுட்-காக்காப் வயலும் உற்பத்திக்கு வந்தது. கடலின் மேற்பரப்பில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் அந்த ஆழத்தில் கடலடி வெப்பநிலை 4 டிகிரி அளவில்தான் இருக்கும். நம் வீட்டுக் குளிர்பெட்டியின் உட்புறத்தை எண்ணிக்கொள்ளலாம். கிணற்றிலிருந்து சூடாக வரும் வாயுவும் எண்ணெயும் நீரும், இந்தக் குளிரில் கிடக்கும் குழாய் வழியே பயணம் செய்ய வேண்டும். மேற்சொன்ன நான்கு பொருத்தங்களும் அங்கே கூடிவிடுகின்றன.

சபா கடலடிக் குழாய்களுக்கான கணக்குகளுள் பல, கோலாலம்பூர் அலுவலகக் கட்டடங்களில் அமர்ந்திருக்கும் பொறியியலாளர்களின் மேசைகளில்தான் போடப்படுகின்றன. அவர்களுள் நம் பல்கலைக்கழகங்களில் பயின்ற தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு நேரடித் தொடர்பும் உண்டு. திரெங்கானு கடலில் கிடைக்கும் எரிவாயு கெர்த்தே வட்டாரத்து ஆலைகளில் பதப்படுத்தப்பட்டு, தீபகற்பக் குழாய்த் தொடர் வழியாகக் கிள்ளான் வரை வருகிறது. கிள்ளானில் உள்ள கானாட் பிரிட்ஜ் மின் நிலையம் இயங்குவது எரிவாயுவில்தான். உயர் அழுத்தத்தில் வரும் வாயுவை, பயனீட்டாளர்களுக்கு ஏற்றவாறு அழுத்தம் குறைத்து அனுப்ப வேண்டும். அப்படி வால்வில் அழுத்தம் குறையும்போது, ஒரு பாருக்கு ஏறத்தாழ அரை டிகிரி வீதம் வாயு குளிர்ந்துபோகும். 27 டிகிரியில் 60 பாராக வரும் வாயுவை 20 பாருக்கு இறக்கினால், அது 7 டிகிரிக்கு வந்துவிடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் வால்வின் உள்ளே குளிர்காலம்தான்! வாயுவில் ஈரம் இருந்தால் ஆபத்து எல்லை அருகில் வந்துவிடும். ஆகவேதான், பதப்படுத்தும் ஆலையிலேயே வாயுவின் ஈரத்தை அகற்றிவிடுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களின் பின்கட்டில், பல அடுப்புகள் ஒருசேர எரியும் வேளையில், எரிவாயுத் தோம்பின் மேல் வெண்பனி படிந்திருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அது ஹைட்ரேட் அன்று. தோம்புக்குள் திரவம் வேகமாக ஆவியாவதால் இரும்பு குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் வெளிப்புறத்தில் படிகிறது. இருப்பினும், வெப்ப நாட்டிலும் எரிவாயு கடுங்குளிரை உண்டாக்க முடியும் என்பதற்கு அது கண்கண்ட சான்றாகும்.

தடுப்பான் என்ன செய்கிறது?

ஈரத்தை அகற்றும் ஆலையைக் கடலுக்கு அடியில் 1,200 மீட்டர் ஆழத்தில் வைப்பது எளிதன்று. அங்கே நீர் இருக்கத்தான் செய்யும். எனவே, அந்த நீரில் வேறொரு பொருளைக் கலந்து, அது கூண்டு கட்டவிடாமல் செய்கிறார்கள். இப்பொருளே தடுப்பான். பெரும்பாலும் பயன்படுபவை இரண்டு. ஒன்று மெத்தனால், லாபுவானில் இயற்கை எரிவாயுவிலிருந்து பெருமளவில் தயாரிக்கப்படும் அதே மெத்தனால்தான். மற்றொன்று மோனோ எத்திலீன் கிளைக்கால். துறையினர் இதைச் சுருக்கமாக 'மெக்' என்பர். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் பெரும்பாலும் கலந்திருப்பது இதுவே.

உப்புக் கலந்த நீர் சுழி டிகிரியில் உறையாது என்பதை நாம் அறிவோம். ஐஸ்கிரீம் செய்பவர்கள் பாத்திரத்தைச் சுற்றி உப்பிட்ட பனிக்கட்டியை வைப்பதும் இதனால்தான். தடுப்பானும் அதே முறையில் வேலை செய்கிறது. நீர் மூலக்கூறுகள் தடுப்பானின் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்வதால், கூண்டு கட்டுவதற்கு அவை எளிதில் முன்வருவதில்லை. அதனால் ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலை கீழே இறங்குகிறது. எவ்வளவு இறங்கும் என்பதே நம் கணக்கு.

ஹாமர்ஷ்மிட் சூத்திரம்

வெ = (மா × செ) ÷ [மூ × (100 − செ)]

இதில்,
வெ: ஹைட்ரேட் வெப்பநிலை எத்தனை டிகிரி செல்சியஸ் இறங்க வேண்டும் என்பது
செ: நீர்க் கரைசலில் தடுப்பானின் எடைச் செறிவு, விழுக்காட்டில்
மூ: தடுப்பானின் மூலக்கூற்று எடை (மெத்தனால் 32, மெக் 62)
மா: மாறிலி, 1297

நமக்குத் தேவை செறிவு என்பதால், சூத்திரத்தைத் திருப்பி எழுதிக்கொள்ளலாம்:

செ = (100 × மூ × வெ) ÷ (மா + மூ × வெ)

மெக்கிற்கு 1297 முதல் 2222 வரை வெவ்வேறு மாறிலிகளைக் கையேடுகள் தருகின்றன. மாறிலி கூடினால் விடையாக வரும் செறிவு குறையும். ஐயம் இருக்கும் இடத்தில் சிறிய மாறிலியையே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு வயலையும் குறிப்பவை அல்ல. ஒரு கடலடிக் குழாயில் அழுத்தம் 100 பார். அந்த அழுத்தத்தில் அதன் வாயு 18 டிகிரியில் ஹைட்ரேட்டாகும். கடலடி வெப்பநிலை 4 டிகிரி. நாளொன்றுக்கு 10 டன் நீர் அக்குழாயில் வருகிறது. தடுப்பான் மெக்.

முதற்படி: எத்தனை டிகிரி இறக்க வேண்டும்? 18-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாடு 14. அளவீடுகளில் பிழை இருக்கலாம் என்பதால் பாதுகாப்புக்கு 3 டிகிரி சேர்க்கிறோம். ஆக, வெ = 17.

இரண்டாம் படி: செறிவு என்ன? மூ × வெ = 62 × 17 = 1054. எனவே, செ = 105400 ÷ (1297 + 1054) = 44.8. அதாவது, ஏறத்தாழ 45 விழுக்காடு.

மூன்றாம் படி: எவ்வளவு மெக் செலுத்த வேண்டும்? இங்கேதான் கவனம் தேவை. '10 டன் நீர், 45 விழுக்காடு, ஆகவே 4.5 டன்' என்று எழுதுவது எளிது. அது தவறு. 45 விழுக்காடு என்பது நீரின் எடையில் அன்று. நீரும் மெக்கும் சேர்ந்த கரைசலின் எடையில். கரைசலில் 45 பங்கு மெக் என்றால், மீதி 55 பங்குதான் நீர். எனவே, 10 டன் நீருக்கு வேண்டிய தூய மெக் 10 × 45 ÷ 55 = 8.2 டன்.

அதுவும் முடிவான விடை ஆகாது. கடலடிக்கு அனுப்பும் மெக் பெரும்பாலும் தூய மெக் அன்று. அதிலேயே கொஞ்சம் நீர் கலந்திருக்கும். நாம் அனுப்புவது 80 விழுக்காட்டுக் கரைசல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு டன்னிலும் 0.8 டன் மெக் வருகிறது, கூடவே 0.2 டன் நீரும் குழாய்க்குள் நுழைகிறது. செலுத்தும் அளவை 'அ' எனக் கொண்டால்,

0.8 அ = 0.45 × (அ + 10)
அ = 4.5 ÷ 0.35 = 12.9 டன்

ஆக, நாளொன்றுக்குச் செலுத்த வேண்டியது ஏறத்தாழ 12.9 டன். முதலில் அவசரத்தில் எழுதிய 4.5 டன் எங்கே, இந்த 12.9 டன் எங்கே!

நான்காம் படி: சரிபார்த்தல். அந்தத் தவறான 4.5 டன்னையே செலுத்தியிருந்தால் என்ன ஆகும்? அதில் உள்ள மெக் 3.6 டன். மொத்தக் கரைசல் 14.5 டன். செறிவு 24.8 விழுக்காடு. இதைச் சூத்திரத்தில் இட்டால் வெ = 6.9 டிகிரி. ஹைட்ரேட் எல்லை 18-லிருந்து 11 டிகிரிக்குத்தான் இறங்கும். கடலடியோ 4 டிகிரி. குழாய் அடைபடும் நிலைக்கு நேராகப் போய்விடும். சூத்திரமும் சரி, 45 விழுக்காடு என்ற விடையும் சரி. 'எதில் 45 விழுக்காடு?' என்று கேட்காததே குற்றம்.

நீரின் அளவு மாறினால்?

மேற்கண்ட கணக்கில் நீர் 10 டன் என்று எடுத்துக்கொண்டோம். வயல் வயதாக ஆக, கிணற்றிலிருந்து வரும் நீர் பெருகுவது இயல்பு. நீர் 20 டன் ஆன பிறகும், பழைய 12.9 டன்னையே செலுத்தி வந்தால், செறிவு 31 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். ஹைட்ரேட் எல்லை 8.5 டிகிரியில் நின்றுவிடும். கடலடியின் 4 டிகிரியைத் தாண்டிக் கீழே போகாது. வாயு அளவோ அழுத்தமோ மாறவில்லை. மெக் பம்பும் பழுதின்றி ஓடுகிறது. எனினும் குழாய் ஆபத்தில் இருக்கிறது. ஆகவே, ஒருமுறை கணக்கிட்டுக் கோப்பில் வைத்துவிடும் எண் அன்று இது. நீரை அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பாறையிலிருந்து வரும் நீரில் உப்பு இருக்கும். அந்த உப்பே ஓரளவு தடுப்பானாக உதவும். ஆனால் வாயு குளிரும்போது அதிலுள்ள நீராவி ஒடுங்கி உண்டாகும் நீரில் உப்பு இல்லை. உப்பை நம்பித் தடுப்பானைக் குறைப்பதற்கு முன், இது எந்த நீர் என்று கேட்க வேண்டும்.

உற்பத்தி நடந்துகொண்டிருக்கும்போது குழாய் சூடாகவே இருக்கும். ஏதோ காரணத்தால் உற்பத்தி நின்றால், சில மணி நேரங்களில் குழாய் கடலின் குளிரை எட்டிவிடும். மீண்டும் தொடங்கும் அந்த வேளையே மிகவும் ஆபத்தானது. கணக்கு அந்த வேளைக்காகப் போடப்பட வேண்டும்; சுமுகமாக ஓடும் நாளுக்காக அன்று.

மெத்தனால் என்றால் கணக்கு மாறுமா?

அதே 17 டிகிரிக்கு மெத்தனாலைக் கணக்கிட்டால், சூத்திரம் 29.5 விழுக்காடு என்று சொல்கிறது. ஆனால் மெத்தனாலைப் பொறுத்தவரை ஹாமர்ஷ்மிட் சூத்திரம் ஏறத்தாழ 25 விழுக்காடு வரையில்தான் நம்பத் தகுந்தது. அதற்கு மேல் நீல்சன்-பக்லின் சூத்திரத்தைப் பயன்படுத்துவர்:

வெ = −72 × மடக்கை (நீரின் மோல் பின்னம்)

இங்கு மடக்கை என்பது இயல் மடக்கை. 17 டிகிரிக்கு நீரின் மோல் பின்னம் 0.79 என வருகிறது. எடைக்கு மாற்றினால் 32 விழுக்காடு. 10 டன் நீருக்கு 4.7 டன் மெத்தனால். மெக்கை விட மிகக் குறைவு.

அப்படியானால் எல்லாரும் மெத்தனாலையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். மெத்தனால் எளிதில் ஆவியாகக் கூடியது. செலுத்தியதில் ஒரு பகுதி வாயுவோடும், ஒரு பகுதி எண்ணெயோடும் போய்விடும். நீரில் தங்குவது மட்டுமே பயன் தரும். நீர் குறைவாகவும் வாயு மிகுதியாகவும் உள்ள குழாயில், ஆவியாகும் மெத்தனால் நீரில் தங்குவதையே விஞ்சக்கூடும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் மொத்த அளவைக் கணக்கிட வேண்டும். மேலும், மெத்தனால் நச்சுத்தன்மை உடையது. அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு எளிதில் தெரியாது. மெக் மிகக் குறைவாகவே ஆவியாகும். திரும்பி வரும் மெக்கைச் சூடாக்கி நீரை வெளியேற்றி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். எனவே, தொடர்ந்து தேவைப்படும் இடத்தில் மெக்கையும், உற்பத்தியை நிறுத்தித் தொடங்கும் நேரங்களில் மெத்தனாலையும் நாடுவது வழக்கம்.

கூடுதலாகச் செலுத்திவிட்டால் போதாதா?

'எதற்கு இத்தனை கணக்கு? இரண்டு மடங்கு ஊற்றிவிட்டால் தொல்லை இல்லையே' என்று கேட்கலாம். நாம் சேர்த்த 3 டிகிரிப் பாதுகாப்பையே எடுத்துக்கொள்வோம். அது இல்லாவிட்டால் 80 விழுக்காட்டுக் கரைசல் நாளொன்றுக்கு 10 டன் போதும், இருப்பதால் 12.9 டன். மூன்று டிகிரி நிம்மதிக்கு நாள்தோறும் ஏறத்தாழ 3 டன் கூடுதல். அதைச் சேமிக்கும் தொட்டியும், அனுப்பும் பம்பும், மீட்கும் கொதிகலனும் கடல் மேடையில் இடம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் ரிங்கிட் கணக்கு உண்டு. குறைத்தால் அடைப்பு, கூட்டினால் வீண்செலவு. இரண்டுக்கும் நடுவில் சரியான எண்ணைக் காண்பதே பொறியியல்.

அடைப்பு நேர்ந்துவிட்டால் அழுத்தத்தைக் குறைத்து மெல்லக் கரைய விடுவது ஒரு வழி. ஆனால் அடைப்பின் ஒரு பக்கத்தில் மட்டும் அழுத்தத்தைக் குறைத்தால், மறுபக்கத்து அழுத்தம் அதைத் துப்பாக்கிக் குண்டைப் போலத் தள்ளிவிடும். குழாயையே பிளந்துகொண்டு அது பாயக்கூடும். எனவே, இரு பக்கமும் சீராகக் குறைக்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

2010-ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் மக்கொண்டோ எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் கசியும் எண்ணெயைப் பிடிக்க ஒரு பெரிய எஃகுக் கூடாரத்தை மே மாதத்தில் இறக்கினர். கசிந்த வாயு குளிர்ந்த கடல்நீரோடு சேர்ந்து ஹைட்ரேட்டாக மாறி, கூடாரத்தின் உச்சியை அடைத்தது. கூடாரத்தை அகற்ற வேண்டியதாயிற்று. கசிவு ஜூலை வரை நீடித்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த வேளையில், நீரும் வாயுவும் கட்டிய சிறு கூண்டுகள் அந்த முயற்சியைத் தோற்கடித்தன.

நிறைவாக

2025 ஏப்ரல் 1-ஆம் நாள், சுபாங் ஜெயாவின் புத்ரா ஹைட்ஸ் பகுதியில் எரிவாயுக் குழாய் தீப்பற்றி எரிந்தது. அதற்கும் ஹைட்ரேட்டுக்கும் தொடர்பில்லை. எனினும், எரிவாயுக் குழாய்கள் நம் வீடுகளுக்கு எவ்வளவு அருகில் செல்கின்றன என்பதை அன்று கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் அனைவரும் உணர்ந்தனர். குழாய்க் கணக்கு என்பது தேர்வுத் தாளோடு முடிந்துபோகும் விஷயமன்று.

வேதிப் பொறியியல் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். செறிவைக் கணக்கிட்டு முடித்ததும் விடையின் கீழே கோடிட்டு விடாமல், நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதில் இத்தனை விழுக்காடு? எவ்வளவு நீர்? அந்த நீர் எங்கிருந்து வருகிறது? செலுத்தியதில் எவ்வளவு அந்த நீரில் தங்கும்? சூத்திரத்தைக் கணினி போட்டுவிடும். இந்த நான்கையும் நாம்தான் கேட்க வேண்டும்.